வெந்தது போதும்

போன வாரம் பொடியக்காவை ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் உட்கார வைத்துவிட்டு வந்தோம். மடியில் தம்பி மகள், பிறந்து கண்கூடத் திறக்காத பச்சை மண். அக்காவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தது. அந்தச் சந்தோஷம் இந்த வாரம் வரைக்கும் தாங்கியிருந்தால் எனக்கும் நிம்மதியாக இருந்திருக்கும்.

புதிதாக வந்து உட்கார்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பொடியக்கா என்பது கட்டட வேலைக்காரர்கள் வைத்த பெயர். அவள் விற்பது மூக்குப்பொடி இல்லை. களிமண்ணை உருண்டை பிடித்துச் சுட்டு, அரைத்து, கல் அறுக்கும் பட்டறையில் வீணாகக் கொட்டிக் கிடக்கும் சுண்ணாம்புக்கல் தூளையும் சேர்த்து ஒரு பொடி செய்கிறாள். அதைக் கலந்தால் காரைக்கு மூட்டை மூட்டையாக சிமென்ட் கொட்ட வேண்டாம். பாதிக்கும் கீழே போதும். சிமென்ட் ஆலைகள் ஊதித் தள்ளுகிற புகையில் அவ்வளவும் மிச்சம். புருஷன் வீட்டிலிருந்து திரும்பி வந்தவளுக்கு உருப்படியாக அமைந்த ஒரே காரியம் இது. அந்தப் புருஷன் வீட்டுக் கதையை ஏற்கெனவே அலசிப் பிழிந்து காயப் போட்டுவிட்டோம். மறுபடி நனைக்க வேண்டாம்.

மண் சுடுவது அப்பாவின் பழைய செங்கல் சூளையில். சுற்றிலும் வீடுகள் வந்து, புகைக்குப் புகார் வந்து, செங்கல் எரிப்பது நின்றபோது சூளைக்காரர் பேச்சையும் நிறுத்திவிட்டார். சாப்பிடு என்றால் சாப்பிடுவார், படு என்றால் படுப்பார். மற்ற நேரமெல்லாம் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார்.

"அப்பா, எனக்குக் கொஞ்சம் மண்ணு சுட்டுத் தர்றீங்களா?" என்று மகள் கேட்ட அன்றைக்குத்தான் அவர் தானாக எழுந்து முகம் கழுவிக்கொண்டார்.

தம்பி கொத்தனார். இத்தனை வருஷம் அடுத்தவர் கையில் வேலை செய்தவன், முதல் முறையாகத் தன் பேரில் ஒரு கட்டடம் எடுத்திருக்கிறான். மருந்தகத்துக்குப் பின்னால் நோயாளிகள் காத்திருக்க ஒரு கூடம். "எங்கக்கா பொடியிலதான் கட்டுவேன்" என்று ஒற்றைக் காலில் நின்று, சோதனைக்கு ஒரு சின்னச் சுவரும் கட்டிக் காட்டி, மருந்தகத்து டாக்டரம்மாவைச் சம்மதிக்க வைத்தான். சக கொத்தனார்கள் சிரித்தார்கள். அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இன்று மதியம் அந்தச் சுவர்களின் மேல் இரும்பு உத்திரம் ஏறுகிறது. அது ஏறி நின்றுவிட்டால் தம்பி தலை நிமிர்ந்துவிடுவான். தன்னை நம்பிய தம்பியின் முகத்தில் அக்காவும் நிம்மதியாக விழிக்கலாம்.

பொழுது விடிந்ததும் வாசலில் கோலிக் குண்டு மாதிரி வந்து நின்றார் அரவை மில்காரர். ஆள் குள்ளம், வயிறு பெரிசு, மனசில் எதையும் வைத்துக்கொள்ளத் தெரியாதவர்.

"பொடியக்கா, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கக் கூடாது."

"கோவம் வர்ற மாதிரி இருந்தா?"

"அப்பவும் கூடாது. இனிமே இந்த மாதிரி கல்லை எல்லாம் எங்கிட்ட அனுப்பாதீங்க. நான் வெச்சிருக்கிறது மண்ணு அரைக்கிற மெஷின். நேத்து பிரிச்சுப் பாத்தா உள்ள இரும்பெல்லாம் தேஞ்சு கெடக்குது. உங்க போன லோடு பண்ணின வேலை."

"நான் எங்கண்ணே கல்லு அனுப்பினேன்? எப்பவும் வர்ற அதே உருண்டைதானே?"

"அதே உருண்டைதான். ஆனா முன்னாடியெல்லாம் ரெண்டு விரலால அமுக்கினாலே உதிரும். இதைச் சுத்தியலால அடிச்சாலும் எதுத்துப் பேசுது. கண்ணை மூடிக்கிட்டு கையில குடுத்தா செங்கல்லும்பேன்."

பொடியக்கா முதலில் சிரித்தாள். பிறகு சிரிப்பு பாதியில் நின்றது.

"போன லோடா?"

"தம்பி கட்டடத்துக்குன்னு சொல்லி அனுப்பினீங்களே, அதேதான்."

மில்காரர் இன்னும் என்னென்னவோ சொன்னார். ஒன்றும் அவள் காதில் ஏறவில்லை. கொட்டகை மூலையில் அந்த லோடில் மிஞ்சிய உருண்டைகள் ஒரு கூடையில் கிடந்தன. இரண்டை எடுத்து ஒன்றோடொன்று தட்டினாள்.

கணீர் என்றது.

சூளைக்காரர் வீட்டில் பிறந்தவர்களுக்கு அந்தச் சத்தம் சங்கீதம். நன்றாக வெந்த கல் அப்படித்தான் பேசும். ஆனால் பொடியக்கா நம்பாமல் இன்னொரு தடவை தட்டிப் பார்த்தாள். அவள் மண் அந்த அளவுக்கு வேகக் கூடாது. மிதமாகச் சுட்டால்தான் அது சுண்ணாம்போடும் தண்ணீரோடும் சேர்ந்து இறுகும். ஒரேயடியாக வேகவைத்தால் அதன் ஜீவன் போய்விடும். பிறகு அது வெறும் செங்கல் தூசி. மணலோடு மணலாகக் கிடக்குமே தவிர, எதையும் பிடிக்காது.

ஒவ்வொரு லோடிலும் ஒரு கைப்பிடி எடுத்துச் சுண்ணாம்பு குழைத்து, கிண்ணத்தில் வைத்து, ஈரத்துணி போட்டு மூடி வைப்பது அவள் வழக்கம். ஒரு வாரம் கழித்துக் கட்டை விரலால் அழுத்திப் பார்ப்பாள். கல்லாக இருந்தால் சரக்கு சரி. அதற்குப் பிறகுதான் கட்டடத்துக்குப் போகும்.

இந்த லோடுக்கும் வைத்தாள். தம்பி மனைவிக்கு மாசம் முற்றி, ரத்தக் கொதிப்பு ஏறி, ஆஸ்பத்திரியே கதி என்று கிடந்த சமயம். மாற்றுத் துணி எடுக்க வீட்டுக்கு ஓடி வந்தவள், போகிற போக்கில் குழைத்து வைத்துவிட்டு ஓடினாள். அப்புறம் அதைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. தம்பி கேட்டபோது, "எடுத்துக்கடா, எப்பவும் வர்ற சரக்குதானே" என்று போனிலேயே சொல்லிவிட்டாள்.

உங்களுக்கு அவளைத் திட்டத் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் வலியில் துடிக்கிற ஒருத்தி கையைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது எவளுக்குக் கிண்ணம் ஞாபகம் வரும், சொல்லுங்கள்.

அலமாரிக்குப் பின்னால் கிண்ணம் இருந்தது. துணி காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. அதைப் பிய்த்து எடுத்துவிட்டு விரலை வைத்தாள்.

விரல் மாவில் இறங்குவது போல அடிவரைக்கும் இறங்கியது.

சூளை வாயில் அப்பா உட்கார்ந்திருந்தார். காலையிலேயே குளித்து, தலை வாரி, துவைத்த சட்டை போட்டு. அடுத்த லோடுக்கு நெருப்பு மூட்டியாகிவிட்டது. வாயில் ஏதோ ஒரு பாட்டு முணுமுணுப்பாக ஓடிக்கொண்டிருந்தது.

மகள் கையிலிருந்த உருண்டையைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது.

"போன லோடு தானே? தட்டிப் பாத்தியா?"

"பாத்தேன்பா."

"எப்படி?"

"கணீர்னு கேக்குது."

"கேக்காம எங்க போகும்? எரிச்சது யாரு!" என்று தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார்.

அந்தச் சிரிப்பை அவள் கேட்டு எவ்வளவு காலம் ஆயிற்று.

"அப்பா, நான் மங்கின சிவப்பு வந்ததும் நிறுத்திடுங்கன்னு சொல்லிட்டுத்தானே போனேன்?"

"சொன்னே. இல்லேங்கல. முன்ன எல்லா லோடுக்கும் நீ பக்கத்துல நின்னே, வாய மூடிக்கிட்டு நிறுத்திட்டேன். இந்தத் தடவை மனசு ஒப்பலம்மா." அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார், ரகசியம் சொல்கிற மாதிரி. "பையன் மொதமொதல்ல தன் பேர்ல கட்றான். எம் பொண்ணோட சரக்கு. அதுல போயி அரைவேக்காட்டைக் குடுப்பேனா? என் சூளையை விட்டு இந்த ஜென்மத்துல அரைவேக்காடு வெளிய போனதில்ல. நெருப்பு மஞ்சளா ஜொலிக்கிற வரைக்கும் நான் எந்திரிக்கல. இந்தக் கட்டைக்கு அவ்வளவு தெம்பு எங்கேர்ந்து வந்துச்சுன்னு எனக்கே தெரியல."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"விறகு போச்சேன்னு நீ கத்துவே. அதுவுமில்லாம, புள்ளத்தாச்சி பக்கத்துல இருக்கிறவளை எதுக்கு தொல்லை பண்றதுன்னு விட்டுட்டேன்."

ஏன் அதிகம் எரிக்கக் கூடாது என்று அவள் ஒரு முறை பக்கத்தில் உட்கார்ந்து விளக்கியிருக்கிறாள். அவரும் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். தலைதான் ஆடியது. ஆயுசு முழுக்க நெருப்போடு குடும்பம் நடத்தின மனிதருக்கு, வேகாததுதான் குற்றம். அதிகம் வெந்தது எப்படிக் குற்றமாகும்?

சொல்லிவிடலாம் என்று அவள் வாயெடுத்தாள். அப்பாவின் வலது கையில் துணி சுற்றியிருந்தது.

"கையில என்னப்பா?"

"ஒண்ணுமில்ல. நெருப்பு கொஞ்சிட்டுப் போச்சு." துணியைப் பின்னால் மறைத்துக்கொண்டார். "நீ போ, உத்திரம் ஏத்துறதைப் பாத்துட்டு வந்து எனக்குச் சொல்லு. எனக்கும் வரணும்னு ஆசைதான். நெருப்பை விட்டுட்டு வர முடியாதே."

அவள் போனாள். வழியெல்லாம் தம்பிக்கு போன் அடித்தாள். அவன் வேலை செய்யும்போது போனைச் சட்டையோடு ஆணியில் மாட்டிவிடுகிறவன். மணி அடித்து அடித்து ஓய்ந்தது.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அவள் ஒரே கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டாள். உத்திரம் ஏறக் கூடாது. அதற்குக் காரணம் சொல்ல வேண்டும். உண்மையைச் சொன்னால் தம்பி நேரே அப்பாவிடம்தான் போவான். மனசில் பட்டதைப் படீரென்று கேட்பான். "உங்க பிடிவாதத்தால எங்கட்டடம் போச்சு" என்பான். அப்பா பதில் பேச மாட்டார். மறுபடி சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடுவார். அந்த முறை யார் வந்து எழுப்புவது?

மருந்தகத்துக்குப் பின்னால் கூடம் லட்சணமாக நின்றது. இளஞ்சிவப்புக் காரை, ஒரே சீரான வரிசை. தம்பி கைவேலை அப்படி. சுவரைச் சுற்றி ஈரச் சாக்கு தொங்கவிட்டிருந்தார்கள். சாரத்தின் மேல் நின்றுகொண்டு தம்பி நூல் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"வாங்க அத்தையம்மா! மருமகளை விட்டுட்டு மதிலைக் கொஞ்ச வந்துட்டீங்களா?" என்று மேலேயிருந்தே குரல் கொடுத்தான். கீழே கல் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்த சித்தாள் அம்மா முந்தானையில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

பொடியக்கா சாக்கை விலக்கினாள். பையிலிருந்து வீட்டுச் சாவியை எடுத்து, இரண்டு கல்லுக்கு நடுவிலிருந்த காரையைச் சுரண்டினாள். மாவு மாதிரி உதிர்ந்து அவள் செருப்பின் மேல் விழுந்தது. இன்னோர் இடத்தில் சுரண்டினாள். அங்கேயும் அப்படித்தான்.

"என்னக்கா, குழந்தை கன்னத்தைக் கிள்ற மாதிரி கிள்ளிக்கிட்டு நிக்கிற?"

"கீழ எறங்கி வா."

"லாரி வர்ற நேரம். சொல்லு, காது கேக்குது."

"உத்திரத்தை ஏத்தாதடா."

அவன் சிரித்தான். அப்புறம் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு இறங்கி வந்தான்.

"என்னாச்சு?"

"காரை பிடிக்கல."

"மெதுவாத்தான் பிடிக்கும்னு நீதானே சொன்னே? நான்கூட கொஞ்சம் நாளாகட்டும்னு இவ்வளவு நாள் விட்டு வெச்சிருக்கேன். இவங்க எல்லாரும் 'என்ன கொத்தனாரே, இன்னும் நசநசன்னு இருக்குது'ன்னு கேட்டப்பகூட, பதறாத காரியம் சிதறாதுன்னு உன் பழமொழியைத்தான் சொல்லி அடக்கினேன்."

"சொன்னேன்தான். இது மெதுவா இல்லடா. இது பிடிக்கவே பிடிக்காது."

தம்பி மறுபடி சாரத்தில் ஏறினான். மேல் வரிசையில் ஒரு கல்லை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டினான். அது சிரமமே இல்லாமல் கையோடு வந்தது. அதைக் கீழே வைத்துவிட்டு அடுத்த கல்லை எடுத்தான். அதுவும் வந்தது. அதற்குக் கீழ் வரிசையில் கை வைத்தான். மேலே வேலை செய்தவர்கள் ஒவ்வொருவராகக் கையிலிருந்ததைக் கீழே வைத்தார்கள்.

தெருமுனையில் லாரி திரும்புகிற சத்தம் கேட்டது.

அவன் இறங்கிப் போய் டிரைவரிடம் என்னவோ சொன்னான். டிரைவர் கையை ஆட்டிக் கத்தினார், வாடகை யார் தருவது என்றார், கடைசியில் லாரியைத் திருப்பினார். இரும்பு உத்திரங்கள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டே திரும்பிப் போயின. தம்பி அது மறையும் வரைக்கும் பார்த்துவிட்டு அக்காவிடம் வந்தான்.

"எதனால?"

அவள் வாயைத் திறப்பதற்குள் அவனே தொடர்ந்தான். "சுட்டதுல கோளாறா? நீதான் அப்ப ஊர்ல... ஆஸ்பத்திரியில இருந்தியே. அப்பா தனியாத்தானே எரிச்சாரு? அவரு ஏதாவது..."

"அப்பா எரிச்சதுல ஒரு குறையும் இல்ல."

எவ்வளவு சுலபமாக வந்துவிட்டது! அவளுக்கே திகைப்பாக இருந்தது.

"அப்ப?"

"நான்தான். பொடியில அளவை மாத்திட்டேன். கல்லுத் தூளை இன்னும் கொஞ்சம் கூட்டினாலும் நிக்கும்னு நெனச்சேன்."

"நெனச்சியா?"

"ஆமா."

"யாரைக் கேட்டு?"

"யாரையும் கேக்கல."

"அப்ப என் கட்டடத்துல சோதனை பண்ணிப் பாத்திருக்கே." அவன் குரல் ஏறவே இல்லை. "உங்கிட்ட இருக்கிற கிண்ணம், டப்பா எல்லாம் பத்தல. தம்பி சுவரு கெடைச்சுது."

கத்தியிருந்தால் தேவலை. அறைந்திருந்தால்கூடத் தேவலை. அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"உள்ள உக்காரப் போறது காய்ச்சக்காரங்கக்கா. கைக்குழந்தையோட வர்றவங்க."

"தெரியும்."

"தெரிஞ்சா பண்ணினே?"

பாவி மகள்! பொய்யில் ஒரு காலை வைத்தாகிவிட்டது, இனி இடுப்பு வரைக்கும் இறங்கித்தான் ஆக வேண்டும்.

சித்தாள் அம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. "விடு தம்பி. உத்திரம் ஏறினதுக்கப்புறம் தெரிஞ்சிருந்தா நம்ம கதி என்னாகும்? அக்கா ஓடி வந்து சொன்னாங்களே, அதை நெனச்சுப் பாரு."

"ஓடி வந்து சொன்னாங்க," என்றான் தம்பி. "மொதல்லயே நடந்து வந்து சொல்லியிருக்கலாம்."

டாக்டரம்மாவிடம் அவன் தனியாகத்தான் போனான். அக்கா கூட வருகிறேன் என்றதற்குத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வெளியே வந்தபோது காதெல்லாம் சிவந்திருந்தது. என்ன பேச்சு வாங்கினான் என்று யாரும் கேட்கவில்லை. வாசலில் நின்ற பழைய மேஸ்திரி ஒருவர், போன மாதம் சிரித்தவர்களில் ஒருவர், இப்போது சிரிக்காமல் நகர்ந்து போனார். அது சிரிப்பைவிட மோசமாக இருந்தது.

சுவரை இடிப்பதற்குக் கடப்பாரைகூட வேண்டியிருக்கவில்லை. ஒரு பக்கம் மரத்தை முட்டுக் கொடுத்து நான்கு பேர் தள்ளினார்கள். சுவர் ஒரு முனகலோடு சாய்ந்தது. இளஞ்சிவப்புத் தூசி எழும்பி மருந்தகத்து ஜன்னல் வரைக்கும் போனது. வரிசையில் நின்ற நோயாளிகள் மூக்கைப் பொத்திக்கொண்டு எட்டிப் பார்த்தார்கள்.

கற்கள் ஒன்றுகூட உடையவில்லை. எந்தக் கல்லிலும் காரை ஒட்டியிருக்கவும் இல்லை.

பொடியக்கா புடவையைச் செருகிக்கொண்டு குனிந்து ஒரு கல்லை எடுத்தாள்.

"தொடாதே," என்றான் தம்பி.

"அடுக்கியாவது வெக்கறேன்டா."

"வேணாம். நீ போக்கா. உன்னைப் பாத்தா எனக்கு வாயில என்ன வரும்னு தெரியல. அதுக்குள்ள போயிடு."

அவன் அழுதுகொண்டிருந்தான். தூசியில் கண்ணீர் இரண்டு கோடாக இறங்கியது. சின்ன வயதில் விழுந்து அடிபட்டால் நேரே அக்காவிடம்தான் ஓடி வருவான். இன்றைக்கு அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சட்டைக் கையால் துடைத்துக்கொண்டான்.

பஸ் நிறுத்தத்தில், வந்த பஸ்களையெல்லாம் விட்டுவிட்டு வெகுநேரமாக உட்கார்ந்திருந்தபோது போன் வந்தது. தம்பி மனைவி. நாத்தனாரை அவள் அண்ணி என்றுதான் கூப்பிடுவாள். ஆஸ்பத்திரியில் இவள் கையைக் கன்றிப் போகிற அளவுக்குப் பிடித்துக்கொண்டு கிடந்தவள்.

"அண்ணி, சாப்பிட்டீங்களா?"

"நீ சாப்பிட்டியா? பாப்பா தூங்குறாளா?"

"ம்." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அண்ணி, தப்பா நெனச்சுக்காதீங்க. கொஞ்ச நாளைக்கு நீங்க இங்க வர வேணாம். அவரு ரொம்ப உடைஞ்சு போயிருக்காரு. உங்களைப் பாத்தா ஏதாவது சொல்லிடுவாரு. சொன்ன வார்த்தையைத் திருப்பி எடுக்க முடியாதில்ல?"

"சரிம்மா."

"உங்க மேல எனக்குக் கோவமெல்லாம் இல்ல அண்ணி."

"தெரியும்மா."

"ஒரு வழியும் பொறந்திருக்கு, கவலைப்படாதீங்க. உங்கப்பா போன் பண்ணினாரு. விஷயம் தெரிஞ்சு ரொம்ப நேரம் இவருகிட்ட பேசினாரு. இந்தத் தடவை பொடியை நானே எரிச்சு, நானே மில்லுல நின்னு அரைச்சுத் தரேன், என் வாக்கை நம்புடான்னாரு. இவரும் சரின்னுட்டாரு. டாக்டரம்மாகிட்டயும் சொல்லியாச்சு. அளவு மட்டும் முன்னாடி இருந்த அதே அளவாம், சோதனைச் சுவர் கட்டினப்ப போட்டது. அது நல்லாத்தானே நிக்குது?"

"நல்லாத்தான் நிக்குது." அந்தச் சோதனைச் சுவர் முதல் லோடில் கட்டியது. அவள் பக்கத்தில் நின்று நெருப்பை நிறுத்தச் சொன்ன லோடு.

"அப்ப அவ்வளவுதான். நீங்க மட்டும்..." அவள் தயங்கினாள். "நீங்க மட்டும் எதுலயும் கை வெக்காம இருந்தா போதும்னு இவரு சொல்லச் சொன்னாரு."

பின்னால் குழந்தை அழும் சத்தம். "வெச்சுடறேன் அண்ணி" என்று போன் அடங்கிவிட்டது.

பொடியக்கா போனைப் பையில் போட்டாள். அப்பாவைக் காப்பாற்றத்தான் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டாள். இப்போது பழியோடு பொறுப்பும் போய்விட்டது. தம்பி இனி அவள் சொல்லைக் கேட்க மாட்டான். அப்பா கை பட்ட பொடி என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவான். அதே சூளை, அதே நெருப்பு. அதே மாதிரி ஒரு சுவர் எழும்பும். இந்த முறை கிண்ணம் வைத்துப் பார்க்கவும் ஆள் இல்லை. உத்திரமும் ஏறிவிடும்.

பஸ் வந்தது. அவள் எழுந்தாள். அது முழுசாக நிற்பதற்குள் ஓடிப் போய் ஏறினாள்.

சூளைக்கு வந்து சேர்ந்தபோது வெயில் சாய்ந்துவிட்டது. அப்பா காலையில் உட்கார்ந்த அதே இடத்தில் இருந்தார். பக்கத்தில் விறகு புதிதாக அடுக்கியிருந்தது, காலையில் பார்த்ததைவிட இரண்டு மடங்கு.

"வந்துட்டியா?" என்று எழுந்து வந்து அவள் தலையில் கை வைத்தார். துணி சுற்றிய அதே கை. "தம்பி சொன்னான். போகட்டும் விடும்மா. தப்பு யாருக்குத்தான் வரல? நான்கூட ஒரு தடவை மழைக்கு முன்னாடி மூட மறந்து ஒரு சூளையையே கரைச்சிருக்கேன். உங்கம்மா மூணு நாள் எங்கிட்ட பேசல."

அவள் அழுதாள். காலையிலிருந்து அடக்கி வைத்ததெல்லாம் கொட்டியது. அவர் அதை வேறு விதமாகப் புரிந்துகொண்டார்.

"ஐயே, எதுக்கு அழறே? அப்பன் இருக்கேன்ல? உன் பேரைக் காப்பாத்தறது இனி என் பொறுப்பு. இந்த லோடு பாரு. போன தடவை எரிச்சதைவிட இன்னும் நல்லா எரிச்சுத் தரேன். நம்ம வீட்டுப் பொடியைப் பத்தி ஒருத்தன் பேசிடுவானா அப்புறம்?"

சூளையின் பார்வைத் துவாரத்தில் அவள் கண்ணை வைத்தாள். உள்ளே உருண்டைகள் மங்கின சிவப்பில் இருந்தன. இந்த நிமிஷம் நிறுத்தினால் எல்லாம் சரி.

அப்பா ஒரு விறகைத் தூக்கினார்.

"போதும்ப்பா. நிறுத்திடுங்க."

"இப்பத்தானே சிவப்பே வருது."

"வெந்தது போதும்ப்பா."

அவர் கோபப்படவில்லை. விறகைக் கையில் வைத்துக்கொண்டே பரிவாகச் சொன்னார்: "கலவைதான் உனக்குக் கைகூடலம்மா. பரவாயில்ல. நெருப்பையாவது எங்கிட்ட விடு. எனக்குத் தெரிஞ்சது இது ஒண்ணுதானே?"

அவள் கையை நீட்டி அந்த விறகை வாங்கிக்கொண்டாள். அவரும் கொடுத்துவிட்டார், களைப்பாக இருந்திருக்கும்.

"அப்பா, இப்படி உக்காருங்க. உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும்."

"அட, எம் பொண்ணு எங்கூட உக்காந்து பேசி எவ்வளவு நாளாச்சு!" என்று அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு பலகையில் உட்கார்ந்தார். நகர்ந்து, பக்கத்தில் அவளுக்கும் இடம் விட்டார்.